சுத்தியல் சொல்வது

ஜெட்டிக் கால்களைத் தின்பது பார்க்கப் புழு மாதிரி இருக்கும். உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக ஊசிமுனைத் துளை போட்டு நுழைந்து, மரத்தைக் குடைந்துகொண்டே உள்ளே வளரும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் அப்பா கண்ணை நம்ப மாட்டார். சுத்தியலால் தட்டுவார். “கெட்டியா கேட்டா இருக்கட்டும். டொக்குன்னா உள்ள ஒன்னுமில்லன்னு அர்த்தம்.”

லங்காட் ஆறு கடலைத் தொடும் பக்கம், ஒரு தவுக்கேயின் சொந்த ஜெட்டியை அப்பா 20 வருடத்துக்கு மேல் பராமரித்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். கால்கள் சேறுவரை தெரிவது அப்போதுதான். வருடக் கடைசி மழை பிடிப்பதற்குள், அப்படிக் கிடைக்கிற நாள்களில் வேலையை முடிக்க வேண்டும். அதுவும் சில மணி நேரம்தான், தண்ணீர் திரும்பிவிடும்.

பள்ளி விடுமுறையில் நானும் போவேன். முதலில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவோம். கை கிழியும். பிறகு தட்டல். உளுத்த நிபோங் காலுக்குப் பக்கத்தில் புதுக்கால் இறக்கிக் கட்டுவோம். துருப்பிடித்த போல்ட்டை மாற்றி, மேலே பாசியைத் தேய்த்துக் கழுவி, ஆடுகிற பலகைக்குப் பதில் செங்கால் பலகை அடிப்போம்.

“நல்லா செஞ்ச வேலைக்கு அடையாளமே இல்லடா. யாரும் விழ மாட்டாங்க, அவ்ளோதான்.”

யாரும் விழவில்லை. அப்பாவுக்கு வேலை செய்த நாளுக்கு மட்டும் கூலி, சேமநிதி கிடையாது. நான் படித்த நம்மூர்க் கதைகளில் பால்மரமும் செம்பனையும் நிறைய உண்டு. இடுப்பளவு சேற்றில் நின்று மரத்துக்குக் காது கொடுத்தவரை அவற்றில் பார்த்ததில்லை.

தவுக்கேயின் மகன் மரத்தைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் மிதவை ஜெட்டி போட்டார். இனி ஆள் வேண்டாம் என்றார். போன மாதம் அவரே போன் செய்து, “அண்ணே, அடியில் சிப்பி ஒட்டுது, என்ன செய்றது?” என்று மலாயில் கேட்டார். சிப்பிக்கு மரமும் ஒன்றுதான், பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். எந்த நாள் இறங்குவது, எதனால் சுரண்டுவது, சங்கிலியில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று அப்பா அரை மணி நேரம் சொன்னார்.

“காசு கேட்டிருக்கலாமே பா.”

“கேட்டவனுக்குச் சொல்லாம எப்டிடா?”

அப்பாவின் பெருந்தன்மை அது. எனக்கு அது போதவில்லை. அந்தக் காதுக்கு ஒரு விலை இருந்திருக்க வேண்டும்.