மார்கழி அடை

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை தாண்டி நேமம் ஏரிப் பக்கம் போனால், மனைக்கற்களுக்கு நடுவே இன்னும் சில தோட்டங்கள் மிச்சமிருக்கின்றன. மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் போய்ச் சேர்ந்த காலை ஆறரைக்கு, வாசல் கோலத்தில் சாணி உருண்டையில் செருகியிருந்த பரங்கிப்பூவை ஒரு வெடைக்கோழி கொத்திக்கொண்டிருந்தது. “சூ... பூவ வுடுதா பாரு” என்று விரட்டியபடி வந்தார் அந்த அம்மா. அறுபதைத் தாண்டியவர். அரை ஏக்கர் தோட்டம், முப்பது சொச்சம் நாட்டுக்கோழிகள்.

மற்றவை பஞ்சாரத்துக்குள்தான் இருந்தன. “பனி காயாம தொறக்க மாட்டேன் தம்பி. ஈரப் புல்ல மேஞ்சா சளி புடிச்சுக்கும்.”

அன்று அடை வைக்கும் நாள். ஐப்பசியிலேயே ஒரு பெட்டை அடைக்குக் கேறியதாம். அதைத் தண்ணீரில் முக்கியெடுத்து அடை தெளியவைத்துவிட்டார். “அடைமழையில அடை வெக்காதன்னு எங்க மாமியா சொல்லும்.” அதில் விஷயம் இருக்கிறது. தரை ஈரமாகக் கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். கூண்டோடு வாரிக்கொண்டு போகும். மழை விட்டு மண் காய்ந்த பிறகு, இப்போது வேறொரு பெட்டை கேறுகிறது.

கூடையில் கோடைக்கு மணல் போடுவார். மார்கழியில் மணல் சில்லிட்டுவிடும் என்பதால் உமி, அதன்மேல் வைக்கோல். முட்டைகளில் தேதியைப் பென்சிலால் குறித்திருந்தார். பத்து நாளுக்கு மேற்பட்டதை ஒதுக்கி, பதினொன்றை வைத்தார். ஒற்றைப்படைதான் வழக்கம். ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஆணி, காய்ந்த மிளகாய்.

“இது எதுக்கும்மா?”

“இடி இடிச்சா முட்ட கெட்டுடும். அதுக்கு.”

“மார்கழியில ஏதும்மா இடி?”

“இல்லதான். வெச்சிட்டுப் போவமே!”

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே சிலந்திக்கால்போல் நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது, ஓடாதது கூமுட்டை.

இந்தப் பதினொரு முட்டை சேர்ந்ததே பெரிய காரியம். கோழி முட்டையிடுவதை முடிவுசெய்வதில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஜூனில் ஏறக்குறைய 13 மணி நேரம் நீளும் சென்னைப் பகல், மார்கழியில் 11 மணி 20 நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது. நாமக்கல் பண்ணைகளில் விளக்குப் போட்டு அதை 16 மணி நேரமாக்குகிறார்கள். கூண்டில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் அந்தக் கோழிக்கு அடை உட்காரும் குணமே மழுங்கிவிட்டது. இங்கே விளக்கு இல்லை, ஆகவே முட்டையும் குறைவு.

ஆனால் கேட்பாரும் குறைவு. மகன் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து இந்த வீட்டு அடுப்பில் முட்டை ஏறவில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளில் இதே கதை. ஊர் வேண்டாம் என்று வைத்த முட்டையைத்தான் அடைக்கோழி வாங்கிக்கொள்கிறது. ஊர் விரதம் இருக்கும் மாதம், கோழிக்குப் பிள்ளைப்பேற்று மாதம்.

மதியம் பச்சை மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். திண்ணையில் அவரோடு உட்கார்ந்து மொச்சை உரித்தேன். காலடியில் ஐந்தாறு கோழிகள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன. தோலுக்காக இல்லை, உள்ளே இருக்கும் புழுவுக்காக. “எங்களுக்கு மொச்ச, அதுங்களுக்குக் கறி” என்று சிரித்தார்.

21 நாளில், பொங்கலை ஒட்டிக் குஞ்சு பொரியும். அதற்குள் மகன் மாலையைக் கழற்றியிருப்பான். மாட்டுப் பொங்கலுக்கும் கரிநாளுக்கும் போன வருடத்துச் சேவல்கள் விலைபோய்விடும். அவை காலிசெய்த இடத்துக்குப் புதுக்குஞ்சுகள் வரும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா மருந்து. பெரிய கோழிகளுக்கு, பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் முகாமில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி.

நமக்கு 20 டிகிரி இதமான குளிர். முதல் வாரக் குஞ்சு கேட்பதோ 35 டிகிரி. தாய் இறக்கைக்குள் இடம் போதாத குஞ்சுகளுக்கு விளக்குச் சூடுதான் தாய். கடையில் இப்போது கிடைப்பதெல்லாம் எல்.இ.டி.; அது வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது.

கிளம்பும்போது இரண்டு கை மொச்சையைப் பையில் போட்டார். தெருமுனை வரை போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

“தம்பி, பட்டணத்துல எங்கியாவது அந்தக் காலத்துக் குண்டு பல்பு கெடச்சா, ரெண்டு வாங்கியாப்பா. நாப்பது வாட்டு.”