மணி அடித்த பிறகும்

கடந்த வாரம் பாசிக்குடாவுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்தேன். பிற்பகல் 1.30க்கு மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து சென்றனர். வெறுமையான வகுப்பறைகளில் மின்விசிறிகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன.

நிருபனின் பழக்கம் விடுமா? எண்ணினேன். இருபது விசிறிகள். ஒன்றுக்கு 75 வாட் என்று கொண்டால், மணிக்கு ஒன்றரை அலகு மின்சாரம் வீண்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிட்டோமா? அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். அன்று இருளில் படித்தவர்கள் இதே பிள்ளைகள்தாம்.

அதிபரிடம் ஒரு யோசனை சொன்னேன். பாடசாலை விடும்போதும், மறுநாட்காலை 7.30க்கும் இரு மாணவர்கள் மின்மானியைப் பார்த்துக் குறிக்கட்டும். அந்த வித்தியாசத்தில் காவல் விளக்குக்கும் நீர்ப்பம்பிக்கும் உரியது போக எஞ்சுவதே விரயம். அளந்தால்தானே குறைக்கலாம்?

அவர் அப்போதே கொப்பியொன்றை எடுத்தார். அலகு எங்கே தெரிகிறது என்று என்னிடம் கேட்டார். விழித்தேன். மின்வெட்டைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியவன் நான். ஒருநாளேனும் மின்மானியை வாசித்தவனல்லன்.

வாசகர்களே, உங்கள் வீட்டு மின்மானி எங்கே இருக்கிறது?