சூடு தாங்கும் ஈஸ்ட்

எத்தனால் நொதித்தலில் ஈஸ்ட்டுக்கு முதல் தொல்லை அது தானே கிளப்பும் சூடுதான். 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால், கணக்குப்படி 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். கூடவே வெப்பமும் வெளிப்படும். ஆய்வகக் குடுவையில் அந்த வெப்பம் வெளிக்காற்றோடு போய்விடும். லட்சக்கணக்கான லிட்டர் பிடிக்கும் ஃபெர்மென்டரில் அது உள்ளேயே தங்கும்.

ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் சாக்கரோமைசஸ் செரிவிசியே 30 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் தளரும். 40 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான ரகங்கள் சர்க்கரை தீரும் முன்பே ஓய்ந்துவிடும். அதனால் வாஷ் எனப்படும் நொதிக்கும் கரைசலைத் தகட்டு வெப்பமாற்றி வழியே சுற்றவிட்டு, கூலிங் டவர் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள். கூலிங் டவருக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த கோடை நாட்களில் அதிலிருந்து வரும் தண்ணீரே 30 டிகிரியை எட்டிவிடும். அந்தத் தண்ணீரை வைத்து வாஷை 33 டிகிரியில் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. சில்லர் போட்டால் சூடு அடங்கும், மின்செலவு ஏறும்.

மொலாசஸ் (கரும்புக் கழிவுப்பாகு) ஆலையின் ஃபெர்மென்டர் மேடையில் நின்று பார்த்தால் இந்தப் போராட்டம் எண்களாகத் தெரியும். ஷிஃப்ட் ஆபரேட்டர் மாதிரிக் குழாயைத் திறந்து, குழாயில் தேங்கிய வாஷை முதலில் வடியவிடுகிறார். அடுத்து வருவதை உயரமான உருளையில் பிடித்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, ஹைட்ரோமீட்டரை இறக்குகிறார். தண்டில் குமிழி ஒட்டியிருந்தால் அளவு பிசகும். விரல் நுனியால் ஒரு சுற்று சுற்றிவிட்டபிறகே படிக்கிறார். ஒப்படர்த்தி இறங்கிக்கொண்டே வந்து நடுவழியில் நின்றுவிட்டால், சர்க்கரை மிச்சமிருக்கும்போதே ஈஸ்ட் சோர்ந்துவிட்டது என்று பொருள். காரணத்தை லேப் சொல்லும். மெத்திலீன் புளூ சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும்போது உயிருள்ள செல்கள் நிறமின்றித் தெரியும். செத்தவை நீலமாக நிற்கும். வாஷ் சூடேறிய நாளில் நீலம் கூடும். பழகிய ஆபரேட்டர்களுக்கு வாஷின் புளிப்பு வாடையே முன்னறிவிப்பு. ஈஸ்ட் தளரும் சூட்டில் லாக்டிக் அமில பாக்டீரியா தழைத்து, எத்தனாலாக வேண்டிய சர்க்கரையை அமிலமாக்கிவிடும்.

சூடு தனியாகக் கொல்வதில்லை. ஆல்கஹாலோடு சேர்ந்து கொல்கிறது. இரண்டுமே செல் சவ்வைத் தளர்த்தி ஒழுகவிடும். நொதித்தலின் தொடக்கத்தில் 38 டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும் ஈஸ்ட், கடைசி மணி நேரங்களில் ஆல்கஹால் 8, 9 சதவீதத்தைத் தொடும்போது அதே சூட்டில் மடியும். டிரெகலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துவைப்பதும், உருக்குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்குவதும் செல்லின் தற்காப்பு. சவ்வையே மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு, சாதாரண ஈஸ்ட்டை ஏறக்குறைய 40 டிகிரியில் பல தலைமுறைகள் வளர்த்தது. அதில் தேறிய செல்களில் ஒரே ஜீனில் நேர்ந்த மாற்றத்தால், சவ்வில் வழக்கமான எர்கோஸ்டீராலுக்குப் பதில் ஃபெகோஸ்டீரால் என்ற வேறொரு ஸ்டீரால் சேர்ந்திருந்தது. 2014-இல் வெளியான இந்த முடிவு, சூடு தாங்கும் திறனில் சவ்வுக்குள்ள பங்கைத் தெளிவாகக் காட்டியது.

இயல்பிலேயே சூடு தாங்கும் இனமும் உண்டு: குளுவெரோமைசஸ் மார்க்சியானஸ். அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பனாட், நிகம், மார்ச்சன்ட் ஆகியோர் 1992-இல் விவரித்த ரகங்கள் 52 டிகிரியிலும் வளர்ந்தன. அவை இந்திய ஆல்கஹால் ஆலையொன்றில் எடுத்த மாதிரிகளிலிருந்து கிடைத்தவை. தாய்லாந்தில் சாவித்ரி லிம்டாங் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வினத்தின் ஒரு ரகம் கரும்புச்சாற்றில் 37 டிகிரியில் 8.7 சதவீத எத்தனால் தந்தது. 40 டிகிரியில் அது 6.78 சதவீதமாகக் குறைந்தது. இந்த வேறுபாடுதான் ஆலைக்கு முக்கியம். எவ்வளவு சூட்டில் வளரும் என்பதை மட்டும் பார்த்து ரகம் தேர்வது பிழை. அந்தச் சூட்டில் எவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கி முடிக்கும் என்றே கேட்க வேண்டும். ஆல்கஹால் குறைந்து நீர்த்த வாஷைக் காய்ச்சி வடிக்க நீராவி அதிகம் செலவாகும். குளிர்விப்பதில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

ஆகவே மொலாசஸ் ஆலைக்கு 50 டிகிரி ஈஸ்ட் தேவையில்லை. 36, 37 டிகிரியில் வாஷை முடித்துக்கொடுக்கும் செரிவிசியே ரகமே கோடையைக் கடத்திவிடும். வைக்கோல், கரும்புச்சக்கை போன்றவற்றில் கதை வேறு. அவற்றிலுள்ள செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் 50 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்பவை. உடைப்பதையும் நொதிக்க வைப்பதையும் ஒரே தொட்டியில் நடத்த, 42, 43 டிகிரியில் தாக்குப்பிடிக்கும் மார்க்சியானஸ் உண்மையிலேயே கைகொடுக்கும்.

எந்த ரகமானாலும் குளுக்கோஸ் கரைசலில் காட்டிய திறமையை மொலாசஸில் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. மொலாசஸில் பொட்டாசியம், கால்சியம் உப்புகள் செறிந்திருக்கும். அவை செல்லை மேலும் வாட்டும். அதனால் புது ரகத்தை நீர்த்த மொலாசஸில் சிறு கலனிலிருந்து பெரிய கலனுக்குப் படிப்படியாக ஏற்றிப் பழக்கியபிறகே ஃபெர்மென்டரில் விடுகிறார்கள். சூட்டைக் கூட்டுவதால் பாக்டீரியா தொலைந்துவிடாது. லாக்டோபாசில்லஸ் இனங்கள் சில 40 டிகிரிக்கு மேலும் தழைக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தொட்டியையும் வெப்பமாற்றியின் தகடுகளையும் காரமிட்டுக் கழுவும் வேலை அப்படியே தொடரும்.