தோள் வலி: கத்தியா, பயிற்சியா?

கோடை வந்தால் திண்டிவனம் பக்கம் ரோட்டோரத்தில் தர்பூசணி மலை மாதிரி குவிந்து கிடக்கும். லாரி மேல் நிற்பவர் பழத்தைத் தூக்கிப் போட, கீழே நிற்பவர் லாவகமாகப் பிடிப்பார். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அத்தனை பாரமும் தோளுக்குத்தான்! விழுப்புரம் ஜங்ஷனில் சுமை தூக்குபவருக்கும், கொத்தனாருக்கும், பெயின்டருக்கும் இதே கதைதான். தோள் போனால் கூலி போச்சு.

இப்படி உழைக்கும் ஒருவருக்கு ஐம்பது வயதில் கை மேலே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை மாட்ட முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. ஸ்கேன் எடுத்தால் 'தசைநார் கிழிந்திருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும். அந்த ஒரு வார்த்தை போதும், வீடே கலங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பணம்? அதன் பிறகு மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாதே, அதுவரை அடுப்பு எரிவது எப்படி?

சரி, கிழிந்தால் தைத்துத்தான் ஆக வேண்டுமா? எல்லோருக்கும் தேவையில்லை!

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டோ தட்டு மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அது உருண்டு விழாமல் பிடித்துக்கொள்வது 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படும் நான்கு தசைகள். வயதாக ஆக இவற்றின் நார்கள் தேய்வதும் கிழிவதும் சகஜம். வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் கிழிசல் தெரிவதுண்டு. ஒரு தசை பலவீனமானால் மற்ற தசைகளையும் முதுகுப் பக்கத்துத் தோள்பட்டைத் தசைகளையும் பழக்கி வேலையைப் பகிர்ந்துகொள்ள வைக்கலாம். அதாவது, கிழிசல் ஒட்டாமலேயே வலி குறையலாம்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அடிபடாமல் தானாகவே தசைநார் முழுதாகக் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் பிசியோதெரபி கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. 2 ஆண்டுகளில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் கால்வாசிக்கும் குறைவு! பின்லாந்தில் இன்னொரு ஆய்வு, இது கிழிசல் இல்லாமல் தசைநார் உரசி வலிப்பவர்களுக்கு. எலும்பைச் சுரண்டி இடம் உண்டாக்கும் ஆபரேஷன் ஒரு பிரிவுக்கு, கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்ப்பது இன்னொரு பிரிவுக்கு. 2018-ல் வந்த முடிவில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

பயிற்சிகள் எளிமையானவை. குனிந்து நின்று கையை ஊஞ்சல் போல மெல்ல ஆட்டுவது, சுவரில் விரல்களை ஏணி ஏற்றுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பலர் விட்டுவிடுவது அங்கேதான்... குறைந்தது 12 வாரமாவது விடாமல் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று. கீழே விழுந்தோ விபத்திலோ அடிபட்டு, உடனே கை தூக்க முடியாமல் போனால் தாமதிக்கக் கூடாது. மூட்டு விலகியிருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம், நார் புதிதாக அறுந்திருக்கலாம். சிலருக்கு அங்கே ஆபரேஷன்தான் சரி, அதுவும் சீக்கிரமாக. காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், கை மரத்துப்போனாலும் அப்படித்தான். கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தால் தோள் இறுகிவிடும்.

முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே உள்ள மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டலாம். 2021-ல் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்பாவோ சித்தப்பாவோ கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நகையை அடகு வைக்கக் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "முதல்ல மூணு மாசம் பயிற்சி செஞ்சு பார்க்கலாமா சார்?"