அளப்பதற்கு முன் அடங்க வேண்டும்

திங்கள், இரவு

காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அந்த லீக் டெஸ்ட் மெஷின்தான் மனதில். 1950-களில் அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் இந்தப் பக்கம் வேரூன்றிய பிறகு உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. அப்படியொரு பட்டறையில், அலுமினிய வார்ப்பில் காற்று கசிகிறதா என்று பார்க்கும் மெஷின் இது. பாகத்தை கிளாம்ப் செய்ய வேண்டும். காற்றை நிரப்ப வேண்டும். சற்று அடங்க விட வேண்டும், ஏனென்றால் அழுத்தும்போது காற்று சூடாகிறது. அது ஆறும்போது அழுத்தம் தானாகவே குறையும். அந்த நேரத்தில் அளந்தால் நல்ல பாகமும் கசிவதாகத் தெரியும். அளந்த பிறகு காற்றை வெளியேற்றி, அதற்கப்புறம்தான் கிளாம்பை விடுவிக்கலாம்.

இந்த வரிசை பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மென்பொருளிலோ அது எங்கும் கண்ணில் படவில்லை.

செவ்வாய்

புரோகிராம் லேப்வியூவில் எழுதியது. 1986-ல் மெக்கின்டாஷுக்காக வெளிவந்த இந்தச் சூழலில் வரிகளுக்குப் பதில் கட்டங்களும் ஒயர்களும். சுழலும் லூப்புக்குள் ஒரு கேஸ் கட்டம். ஒவ்வொரு கேஸும் மெஷினின் ஒரு நிலை. ஆறேழு நிலை இருக்கும்வரை அழகுதான். நூறைத் தாண்டினால், ஒரு நேரத்தில் ஒரே கேஸ்தான் திரையில் தெரியும் என்பது பெரிய இடைஞ்சல். மற்றவை அட்டைக்கட்டு போல ஒன்றின்கீழ் ஒன்று மறைந்து கிடக்கும்.

யாரோ கேஸ்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் ‘மெஷர்’ (அளத்தல்) முன்னால் வருகிறது, ‘செட்டில்’ (அடங்குதல்) பின்னால். ‘அன்கிளாம்ப்’ முடிந்து ‘வென்ட்’ (காற்றை வெளியேற்றுதல்). ஓடும்போது மெஷின் சரியான வரிசையில்தான் போகிறது. ஆனால் நள்ளிரவு ஷிஃப்டில் கோளாறைத் தேடுபவர், காற்றை வெளியேற்றும் முன் கிளாம்பைத் திறக்கும் ஒரு கதையை அல்லவா படிக்க நேர்கிறது! என்னால் இதை ஏற்க முடியாது.

புதன்

நூறு கேஸைக் கையால் இழுத்து அடுக்கினால் அடுத்த மாற்றத்திலேயே கலைந்துவிடும். அந்த வேலைக்கு ஸ்கிரிப்டிங்தான் சரி. 2010 பதிப்பிலிருந்து லேப்வியூவில் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது: ஒரு புரோகிராமை இன்னொரு புரோகிராம் திறந்து, அதன் கட்டங்களைப் படித்து, திருத்தவும் செய்யலாம்.

நான் எழுதியது முதலில் படிக்க மட்டும் செய்கிறது. கேஸ் பெயர்களை எடுக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து, அடுத்த நிலையாக எந்தப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுகிறது. அந்தப் பட்டியலை கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருளில் கொடுத்தால் அம்புக்குறிகளோடு வரைபடம் கிடைக்கிறது. ஏறக்குறைய எல்லா நிலையிலிருந்தும் ‘ஃபால்ட்’ (கோளாறு) நிலைக்கு ஓர் அம்பு; படமே மறைந்துபோனது. டேவிட் ஹாரெல் 1987-ல் எழுதிய ஸ்டேட்சார்ட் கட்டுரை இதற்குத்தான் வழி சொன்னது: நிலைகளை ஒரு பெரிய நிலைக்குள் போட்டு, பொதுவான அம்பை வெளிச்சுவரிலிருந்து ஒரே ஒருமுறை வரை. ‘டெஸ்ட்’, ‘ரிஜெக்ட்’, ‘காலிப்ரேஷன்’ என்று முன்னொட்டு சேர்த்துத் தொகுத்தேன். படம் மூச்சுவிட்டது.

வெள்ளி

எந்த அம்பும் வந்து சேராத நிலையாக ‘டிரெய்ன்’ நின்றது. அழித்துவிடலாம் என்றான் கூட வேலை செய்யும் தம்பி. ஆபரேட்டரிடம் கேட்டோம். “அதில கை வெச்சிடாதீங்க சார். மழைக்காலத்துல ஏர் லைன்ல தண்ணி சேர்ந்துடும். அந்த பட்டனை அமுக்கித்தான் வெளிய விடறோம்” என்றார்.

பட்டனின் பெயரோடு வேறொரு சொல்லை ஓடும்போது ஒட்டி அந்த நிலையின் பெயர் உருவாகிறது. கட்டத்தில் எழுதப்படாத பெயரை ஸ்கிரிப்ட் எப்படிப் பார்க்கும்? நிலைகளின் பெயர்கள் வெறும் எழுத்துச் சரமாக இருப்பதுதான் வேர். ஓர் எழுத்து பிசகினாலும் எதற்கும் பொருந்தாதபோது ஓடும் டீஃபால்ட் கேஸுக்குச் சத்தமில்லாமல் போய்விடும். அவற்றை எனம் டைப்டெஃப் (முன்கூட்டியே வரையறுத்த பெயர்ப் பட்டியல்) ஆக்கி, டீஃபால்ட் கேஸையும் எடுத்துவிட்டால், ஒரு நிலைக்குக் கேஸ் இல்லையென்றாலே புரோகிராம் ஓட மறுக்கும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது ரிலே வழியாக நேரே வால்வை வெட்டுகிறது, அப்படியே இருக்கட்டும். திங்களன்று எனம் மாற்றத்தைத் தொடங்குகிறோம், முதலில் ‘டிரெய்ன்’.