வாய்க்கால் கரையிலிருந்து மறையூர் வரை

வண்டி நடமாட்டம் இல்லாத சாலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். பாலக்காட்டு எல்லையில் ஆழியாறு தமிழ்நாட்டிலிருந்து மேற்கே கேரளத்துக்குள் இறங்கி, சித்தூர்ப்புழையின் நீரோடு பாரதப்புழைக்குப் போய்ச் சேர்கிறது. இடுக்கி எல்லையில் பாம்பாறு ஆனைமுடிப் பக்கத்து மலைகளில் பிறந்து, மறையூரைக் கடந்து, சின்னாற்றையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே அமராவதி அணைக்கு வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றுதான். கபினி, பவானியோடு இதுவும் ஒன்று. நடுவில் ஆனைமலை. இந்த இரண்டு பள்ளத்தாக்குகளையும் ஒரே பயணமாகக் கோத்துச் சைக்கிளில் போவதுதான் பல வருடங்களாக எனக்கு உயிரான காரியம்.

திசையை நான் தேர்ந்தெடுப்பதில்லை, காற்றுதான் தேர்ந்தெடுக்கும். மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலையிலும் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. அந்த மாதங்களில் பாலக்காட்டிலிருந்து கிழக்கே கிளம்பினால் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். பொள்ளாச்சிக்குள் சுமார் 200 மீட்டர் உயரம் ஏறியிருப்போம், ஆனால் கால் அதை உணராது. மார்கழி, தையில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அப்போது மறையூரில் தொடங்கிப் பாலக்காட்டில் முடிக்க வேண்டும். காலண்டர் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் பயணத்தை வெறுத்துத் திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேட்டுக்காவது ஓர் உச்சி உண்டு. எதிர்காற்றில் சாயங்காலம் வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சித்தூர் தாலுகாவில் பெரிய சாலையைத் தொடவே வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கேரளத்தின் வழக்கமான பச்சை கிடையாது. கரிசல் மண், பனைமரம், நிலக்கடலை, டீக்கடையில் பாதி தமிழ் பாதி மலையாளம். எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதைக் கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தெற்கே வந்தால் முதலமடை ரயில் நிலையத்து ஆலமரங்கள். உச்சி வெயிலை அங்கே கழிக்கலாம்.

என் மனசு முழுவதும் இருப்பது அடுத்து வரும் வாய்க்கால்களில். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் மலைக்கு மேற்கே போகிற நீரைச் சமவெளிக்குத் திருப்பிய பெரிய வேலை. இரு மாநிலங்களும் 1970இல் ஒப்பந்தம் போட்டன; ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்கு மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் ஓடுகிறது காண்டூர் கால்வாய். அதன் கரை காட்டுக்குள் இருப்பதால் நமக்கு இல்லை. ஆனால் கீழே ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் கிளை வாய்க்கால்கள் எத்தனையோ. ஒவ்வொன்றின் கரையிலும் பொதுப்பணித்துறை ஜீப் போவதற்காகப் போட்ட மண்பாதை உண்டு. வாய்க்கால் வெட்டிய பொறியாளருக்குத் தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் கரையை அரிக்கக் கூடாது. அதனால் சரிவை அவ்வளவு மெல்லியதாக வைத்தார். மூட்டை கட்டிய சைக்கிளுக்கும் அதே சரிவுதான் வேண்டும். தென்னை நிழல், ஒரு பக்கம் தண்ணீர், எப்போதாவது ஒரு மொபெட். இதைவிட நல்ல சைக்கிள் பாதையைத் திட்டம் போட்டு யாரும் கட்டிவிட முடியாது.

கரையில் போவதற்கு ஒழுங்கு உண்டு. பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறை வைத்து நடக்கிறது. வாய்க்கால் காய்ந்திருக்கும் மாதம் வேறு, நிறைந்து ஓடும் மாதம் வேறு. மடை திறக்கும் லஸ்கரிடம் கேட்காமல் நான் கரையில் ஏறுவதில்லை. ஒருமுறை ஒருவர் சொன்னார்: "தண்ணி விட்டாச்சுங்க தம்பி. தண்ணி ஓரமாப் போகாதீங்க, கரை ஊறிக் கெடக்கும். காட்டு ஓரமாவே போங்க." கொங்கு வழக்கில் காடு என்றால் வயல்காடு. அவர் சொன்னபடி வயல் பக்கத்துச் சக்கரத்தடத்திலேயே போனேன். இன்று வரை அதுவே என் வழக்கம்.

அங்கே எதிரி முள்தான். கரை நெடுக வேலமுள் கிடக்கும். மெல்லிய டயர் கதைக்கு ஆகாது. 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயரில், தார்ச்சாலையைவிடக் கொஞ்சம் காற்றைக் குறைத்து ஓட்டுகிறேன். பஞ்சர் ஒட்டி முடித்ததும் டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றால் புது ட்யூபும் அடுத்த மைலுக்குள் போய்விடும்.

டான்யூப் நதிக்கரையில் பாசாவிலிருந்து வியன்னா வரை உலகமே வந்து சைக்கிள் ஓட்டுகிறது. அதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன பாதை. நம்மிடம் வாய்க்கால் கரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குத் தார் போட வேண்டாம், விளக்கு வேண்டாம். கார் நுழையாமல் கம்பி நடும் இடங்களில் சைக்கிள் நுழைய ஓர் இடைவெளி விட்டால் போதும். இதைக் கேட்கக்கூடிய இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடுமலையைத் தாண்டி, அமராவதி அணை பிரிவையும் விட்டு, ஒன்பதாறு சோதனைச் சாவடி வந்ததும் கணக்கு மாறுகிறது. இதுவரை வண்டி இல்லாத நேரத்தைத் தேடினோம். இங்கே அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு சரணாலயம். விடியலில் சாலை வெறுமையாகத் தெரியும். உண்மையில் அது யானைகள் சாலையைக் கடந்து தண்ணீருக்குப் போய்வரும் நேரம். மோட்டார் வண்டி வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவு திரும்பி நேரே அதன் முன்னால் போய் நிற்கும். யானைக்கும் அது நியாயமல்ல. அதனால் வெயில் நன்றாக ஏறி, முதல் பேருந்துகள் போன பிறகே நான் கிளம்புவேன். சாவடியில் இருப்பவர் இன்று சைக்கிள் வேண்டாம் என்றால் வாதாடுவதில்லை. காந்தளூருக்குக் காய்கறி ஏற்றப் போகும் காலி வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

சின்னாற்றிலிருந்து மறையூருக்கு சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 500 மீட்டர். சராசரியைப் பார்த்தால் எளிது. ஏற்றம் ஒரே சீராக இல்லை, அதுதான் சிக்கல். முன்னால் 22 பல் செயின்வீல், பின்னால் 34 பல் வைத்திருக்கிறேன். பந்தயக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முட்டி இன்னும் நன்றாக இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. மூட்டையோடு நின்றால் வண்டி இரு பக்கமும் ஆடி, பலத்தில் பாதி அதிலேயே போகும். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற மூச்சில் ஏற வேண்டும். பேச்சு நின்றால் கியரைக் குறைக்க வேண்டிய நேரம். பளுவான சாமான்கள் பையின் அடியில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் மெதுவாக ஏறும்போதும் ஹேண்டில் நேராக நிற்கும்.

ஏறும் வழி முழுக்க ஒரு பக்கம் பள்ளத்தில் பாம்பாறு. மேற்கே மூணாற்றில் கொட்டுகிற மழையை மலை தடுத்துவிடுவதால் இங்கே முள்காடும் பாறையும்தான். அதனால்தான் ஆடியில்கூட இந்தச் சாலை பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மறையூர் நெருங்கியதும் சந்தனக்காட்டு வேலி, பாறைமேல் முனியறைகள் என்கிற கல்லறைகள், பிறகு கரும்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரையைப் பந்து பந்தாக உருட்டி வைத்திருப்பார்கள். ஏற்றத்தில் கால் ஓய்ந்தவனுக்கு அதற்கு இணையான தின்பண்டம் எந்தக் கடையிலும் இல்லை என்று நம்புகிறேன். இரண்டு பந்து பையில் எப்போதும் இருக்கும்.

மறையூரிலிருந்து மூணாறு இன்னும் 40 கிலோமீட்டர் மேலே. சனி ஞாயிறில் அந்தச் சாலையில் சுற்றுலாக் கார்கள் வரிசை கட்டும், சைக்கிளுக்கு இடம் இல்லை. நான் காந்தளூர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். அஞ்சுநாட்டுக் கிராமங்களுக்கிடையே, பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சின்னச் சாலைகளில் இரண்டு மூன்று நாள் தாராளமாகப் போகும்.

இறக்கத்துக்கு முந்தின மாலை பிரேக் கட்டைகளையும் கேபிளையும் மறையூரிலேயே பார்த்துவிட வேண்டும். பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும்; வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி, உடனே விட்டுவிட வேண்டும். கட்டை தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். சின்னாற்றுக் காட்டுக்குள் ரிப்பேருக்கு நிற்கக் கூடாது.