பாட்டி கண்ட வானம்

ஸ்ரீவராகம் என்றவுடன் திருவனந்தபுரத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருவது குளம். வராகமூர்த்தி கோயிலை அடுத்துப் பரந்து கிடக்கும் அக்குளத்தின் கரையை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் வீடு. வீட்டுக்குள் தமிழும், வாசற்படி தாண்டினால் மலையாளமும் பேசி வளர்ந்தவன் நான். இவ்வூரிலிருந்து விண்வெளிக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஒன்று, வடக்கே கடலோரத்தில் இருக்கும் தும்பா வழி. மற்றொன்று, சென்ற ஓண விடுமுறையில் என் மாமா மகன் கொண்டுவந்த ஓர் அட்டைப்பெட்டி வழி. முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாமா மகன் டெக்னோபார்க்கில் பணி புரிபவர். சம்பளம் கைக்கு வந்த புதிது. ஆகவே கையும் தாராளம். பெட்டிக்குள் இருந்தது மெய்நிகர் காட்சிக் கருவி. நீரில் மூழ்குவோர் அணியும் கண்ணாடி போலத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இரு கண்களுக்கும் எதிரே இரண்டு வில்லைகள். ஒரே காட்சியைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் இரு கண்களுக்கும் அது காட்டுகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் உண்டென்று நம்பிவிடுகிறது. தலையைத் திருப்பினால் கருவி அதை அந்தக் கணமே உணர்ந்து, திருப்பிய பக்கத்துக் காட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கண், நாம் மிதக்கிறோம் என்கிறது; காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, நாற்காலியில்தானே இருக்கிறாய் என்கிறது. இந்த வழக்கில் தீர்ப்புக் கிடைக்காமல் வயிறு குமட்டுவதும் உண்டு. என் தங்கைக்கு ஐந்தாம் நிமிடமே குமட்டிவிட்டது.

நாங்கள் கண்ட காட்சி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடுக்கப்பட்டது. கனடா நாட்டினரான பெலிக்ஸ், பால் என்னும் இருவர் பெயரால் அமைந்த நிறுவனம், எல்லாத் திசைகளையும் ஒருங்கே பிடிக்கும் காமிராக்களை அங்கே அனுப்பி, விண்வெளி வீரர்களைக் கொண்டே இருநூறு மணி நேரத்துக்கு மேல் படம் பிடித்தது. 2021-ஆம் ஆண்டில் நிலையத்துக்கு வெளியிலும், இயந்திரக் கையின் நுனியில் காமிராவைப் பொருத்தி எடுத்தார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரம். தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை உலகத்தைச் சுற்றி வருவதால், அங்கிருப்போர்க்கு ஒரு நாளில் பதினாறு சூரியோதயம். அவர்கள் உண்பதையும் உடற்பயிற்சி செய்வதையும் சாளரத்தருகே மௌனமாகக் கிடப்பதையும், நானும் அவர்கள் நடுவே ஒருவனாக மிதந்துகொண்டே கண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த அரை மணி நேரம் நான் ஸ்ரீவராகத்தில் இல்லை.

எல்லோரும் பார்த்தாயிற்று, பாட்டி மட்டும் மீதி. பாட்டிக்கு வயது எழுபத்து மூன்று. இரண்டு ஆண்டுகளாகக் கண்ணில் அழுத்த நோய். வலக்கண் பார்வை ஏற்கனவே பாதிக்கு மேல் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "இருக்கிறபோதே பார்த்துடறேன், கட்டுடா" என்று பாட்டியே கேட்டாள். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கருவியைக் கட்டினோம். நிலையத்தின் உள்ளே இருந்தவரை பாட்டி ஒன்றும் பேசவில்லை. வெளிக்காட்சி வந்தது. நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"டேய், காலுக்குக் கீழே ஒண்ணுமே இல்லையேடா!"

கழற்றிய பின் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "நன்னாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு நான் பார்த்த வானம் இதைவிட நன்னா இருந்தது. காலுக்குக் கீழே குளத்துப் படி இருந்தது."

எந்த அன்றைக்கு? இருபது ஆண்டுகளாக அந்த வீட்டிலேயே வளர்ந்த எனக்கு இந்தச் சங்கதி தெரியாது. கேட்டவன் இல்லை, சொன்னவளும் இல்லை.

பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. கார்த்திகை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விளக்கு வைத்தாயிற்று. அவளுடைய அத்தை குளத்தில் காலலம்பப் போனாள்; பாட்டியும் கூடப் போனாள். படியில் நின்றிருந்தபோது, வடமேற்கே, இருட்டத் தொடங்கிய வானத்தில் செம்மஞ்சளாக ஒரு கீற்று எழுந்ததாம். தீப்பிடித்தது போலும் இல்லை, மின்னல் போலும் இல்லை. மேலே போய் விரிந்து வளைந்து, கோலமாவு கைதவறிக் கொட்டினாற்போல் நெளிந்து நின்றதாம். குளத்து நீரிலும் அது தெரிந்ததாம். அத்தை அம்மனைக் கூப்பிட்டாளாம். கோயில் வாசலிலிருந்து யாரோ, "தும்பாவிலே ராக்கெட்டு விட்டுட்டான்" என்று கூவினார்களாம். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் கென்னடி கொலையுண்ட செய்தி வந்தது. "அமெரிக்கா ராக்கெட்டுக் கொடுத்தது, வானத்தைக் குத்தினான், அமெரிக்க ராஜா போயிட்டார்" என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அத்தையின் தர்க்கத்தை நம் தத்துவத் துறைப் பேராசிரியர்களுக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் அவள் கண்ட காட்சி பொய்யன்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை 6.25 மணிக்குத் தும்பாவிலிருந்து எழுந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டே இந்திய மண்ணிலிருந்து விண்வெளி ஆராய்ச்சிக்காகச் சென்ற முதல் ராக்கெட். ராக்கெட் அமெரிக்காவினுடையது, அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. அந்தி வேளையைத் தேர்ந்தது காரணத்தோடுதான். கீழே நமக்கு இருட்டிவிட்டது. நூறு, இருநூறு கிலோமீட்டர் மேலே இன்னும் வெயில். அந்த வெயிலில் சோடியம் அணுக்கள் செம்மஞ்சள் ஒளியைச் சிதறி ஒளிர்கின்றன. மேல்வானக் காற்று அந்த மேகத்தை எப்பக்கம் இழுக்கிறதென்று வெவ்வேறு இடங்களிலிருந்து படம் எடுத்துக் கணக்கிடுகிறார்கள். பாட்டி கண்ட கோலமாவு நெளிவு, கண்ணுக்குத் தெரியாத காற்று தன் கையால் இட்ட கோலமே.

ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியாகச் செல்கிறது. அக்கோட்டின் நேர் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அதை அளக்க அதன் அடியிலே நின்று ராக்கெட் விடவேண்டும். விக்கிரம் சாராபாய் இதற்காகத் தேடி வந்த இடத்திலே இருந்தது காலி மணல் அன்று. மீனவர் குடியிருப்பும், மக்தலேனா மரியாள் ஆலயமும் இருந்தன. அப்போதைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் பேசினார், மக்கள் இசைந்தார்கள். வேறிடத்தில் அவர்களுக்கு வீடுகளும் புதிய ஆலயமும் எழுந்தன. பழைய ஆலயத்தில் ராக்கெட்டைப் பூட்டினார்கள். ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. இராமேசுவரத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் அப்துல் கலாம் அங்கேதான் இருந்தார். ஏவுவதற்கு முன் பாரந்தூக்கியின் நீரழுத்த அமைப்பில் கசிவு ஏற்பட்டு, ராக்கெட்டைக் கைகளாலேயே தூக்கி ஏவுமேடையில் ஏற்றியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நிற்க. பள்ளித்துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னோடு பயில்கிறார். பாட்டியின் கதையைச் சொன்னேன். "என் அப்பூப்பனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அந்தப் பள்ளியில்தான்" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. பழைய ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். நண்பரும் அவருடைய அப்பூப்பனும் நானுமாக ஒரு நாள் சென்றோம். மாதிரி ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் மாணவர் கூட்டம் ஒன்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்ற வேண்டியதில்லை என்று காவலாளி சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு வெறுங்காலோடே உள்ளே போனார். பீடம் இருந்த பக்கம் நோக்கிச் சிறிது நேரம் நின்றார். ராக்கெட்டுகளையும் பார்த்தார், ஒவ்வொன்றின் உயரத்தையும் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வருத்தமா, பெருமையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

2022 ஆகஸ்டில் இஸ்ரோ, 'ஸ்பார்க்' என்ற பெயரில் மெய்நிகர் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. வீட்டிலிருந்தபடியே ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் விண்வெளிப் பயணங்களையும் காணலாம். தும்பாவுக்கு வர வசதியில்லாத சேலத்துப் பிள்ளைக்கும் செங்கோட்டைப் பிள்ளைக்கும் அது பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்திரத்தைப் பழித்துப் பழமையைப் போற்றும் கட்டுரை இதுவன்று. ஆனால் செருப்பைக் கழற்றிய அந்தக் கால்களை எந்தக் காமிரா பிடிக்கும்? பிடிக்கலாம், ஆனால் பிடிக்க வேண்டும் என்று யாருக்கேனும் தோன்றவேண்டும்.

இதைப் பற்றி எண்ணும்போது வாயேஜர் தட்டு நினைவுக்கு வருகிறது. 1977-இல் அமெரிக்கா அனுப்பிய இரு வாயேஜர் கலங்களிலும் பொன்முலாம் பூசிய செம்புத் தட்டு ஒவ்வொன்று உண்டு. மனித குலத்தின் குரலை வேற்றுலகத்தார் என்றேனும் கேட்கட்டும் என்று, 55 மொழிகளில் வாழ்த்துப் பதிந்து அனுப்பினார்கள். கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானிப் பாட்டும் அதில் உண்டு. கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, சிங்களம் உண்டு, மண்ணில் மறைந்துபோன சுமேரியமும் உண்டு. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. இதைச் சென்ற ஆண்டு நம் மன்றக் கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னபோது அவை கொதித்தெழுந்தது நினைவிருக்கும். சதி என்றார் ஒருவர். உடனே இன்னொருவர் எழுந்து, புறநானூற்றிலேயே ஓட்டுநர் இல்லாத வானவூர்தி பேசப்படுகிறது, நமக்கு எதற்கு அமெரிக்கத் தட்டு என்று முழங்கினார். கைதட்டலுக்குக் குறைவில்லை. அந்த ஊர்தி நற்செயல் முடித்து உயிர் நீத்தோர் ஏறுவது என்பதை அவர் சொல்லாமல் விட்டார்.

சதி ஒன்றும் இல்லை. நேரம் குறைவு. கார்னெல் பல்கலைக்கழகத்திலும் அதைச் சுற்றியும் யார் யார் கைக்கு அகப்பட்டார்களோ அவர்களைக் கொண்டு பெரும்பாலான வாழ்த்துகளைப் பதிந்தார்கள். அந்த நாளில், அந்த அறையில், தமிழ் பேசும் ஒருவர் வந்து ஒலிவாங்கியின் முன் நிற்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருந்தும், ஒரு பிற்பகலில் ஒரு மனிதர் இல்லாமற்போனால் இப்படித்தான். கொதிப்பதைவிட அஞ்ச வேண்டிய செய்தி இது என்று எனக்குப் படுகிறது.

ஏனெனில் அதே கதை இப்போது நம் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறது. 1963-இல் அந்த மேகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று எழுபதுக்கு மேல் வயது. விஞ்ஞானிகள் நூல்கள் எழுதினார்கள், நல்லது. கலாம் எழுதினார். அவருடன் தும்பாவில் தொடக்க நாள் முதல் பணியாற்றிய ஆராவமுதன் எழுதினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஊர் என்ன எண்ணியது, எதற்கு அஞ்சியது, அன்றிரவு வீடுகளில் என்ன பேச்சு? அதை எழுத நூலாசிரியர் வேண்டியதில்லை. பேரனோ பேத்தியோ ஒரு கைப்பேசியும் பொறுமையும் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நானும் பள்ளித்துறை நண்பரும் தொடங்கிவிட்டோம். இதுவரை ஒன்பது பேரிடம் கேட்டுப் பதிந்திருக்கிறோம்; ஐவர் தமிழில் சொன்னார்கள், நால்வர் மலையாளத்தில். பாட்டிதான் முதல். ஒளிப்பதிவு என்றதும் புதுப்புடவை உடுத்திக்கொண்டு வந்து, அத்தையின் கென்னடிக் கதையை மட்டும் சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பிறகு அவளே சொன்னாள். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், மேகம் பச்சை நிறம் என்று சத்தியம் செய்கிறார். சோடியம் பச்சையாக ஒளிராது என்று நாங்கள் வாதாடவில்லை. அவர் சொன்னபடியே இருக்கிறது. வேறொரு அம்மையார் தாம் எதையும் பார்க்கவில்லை, அன்று அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் வெளியே ஓடினார்கள், என்னை யாரும் கூப்பிடவில்லை என்றார். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் குறை அவர் குரலில் ஆறவில்லை. அதையும் பதிந்திருக்கிறோம்.

மணக்காட்டில் ஒரு பெரியவர், அன்று குளத்தின் மறுகரையில் இருந்தவராம். வரும் ஞாயிறு காலையில் வரச் சொல்லியிருக்கிறார். காது சற்று மந்தம், உரக்கக் கேட்க வேண்டும் என்று அவர் மருமகள் சொன்னாள். பாட்டியும் கூட வருகிறேன் என்கிறாள்.